மாத்திரையை விடலையே, பெறவு ஏன் வந்துச்சு?

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. பொட்டி தட்டுறவன். உயிரியலைப் பத்தாம் வகுப்போட தலைமுழுகிட்டு இன்ஜினியரிங் பக்கம் ஓடினவன். அதனால இதை மருத்துவ ஆலோசனையா எடுத்துக்காதீங்க, ஒரு சரித்திரக் கதையா படிங்க. பதிவு கொஞ்சம் நீளம். டீ எடுத்துட்டு வந்துருங்க.

போன பொங்கலுக்குப் பத்தமடை போயிருந்தேன். ஊர் தெரியாதவங்களுக்காக: திருநெல்வேலியில இருந்து அம்பாசமுத்திரம் போற ரோட்டுல, சேரன்மகாதேவிக்குப் பக்கத்துல இருக்கு. கோரைப் பாய்க்குப் பேர் போன ஊர். அத்தை வீட்டுத் திண்ணையில பாய் விரிச்சு உட்கார்ந்திருந்தோம். அப்பதான் அத்தை கேட்டாங்க.

"ஏ ஐயா, நீ கம்ப்யூட்டர்ல எல்லாம் பாக்கேல்லா? நாலு வருசமா ஒரு நாளு கூட மாத்திரையை விடலையே. பெறவு ஏன் திரும்ப வந்துச்சு?"

அத்தைக்கு மார்பகப் புற்றுநோய். ஆபரேஷன், கீமோ, கரண்டு (ரேடியேஷனை எங்க ஊர்ல அப்படித்தான் சொல்வாங்க) எல்லாம் முடிஞ்சு, லெட்ரோசோல்னு ஒரு ஹார்மோன் மாத்திரை கொடுத்திருந்தாங்க. தினம் ஒண்ணு, அஞ்சு வருஷத்துக்கு. நாலாவது வருஷம் இடுப்பு வலின்னு ஸ்கேன் எடுத்தா, எலும்புல வந்திருக்கு. டாக்டர் "ரெசிஸ்டன்ஸ்"னு ஒரே வார்த்தை சொல்லிட்டு மருந்தை மாத்தி எழுதினார். பக்கத்துல இருந்த யாரோ அதைத் தமிழ்ப்படுத்துறேன்னு "எதிர்ப்பு சக்தி வந்திருக்கு"ன்னு சொல்லித் தொலைக்க, அத்தை ரெண்டு நாள் சந்தோஷமா இருந்திருக்காங்க. எதிர்ப்பு சக்தி நல்லதுதானே! எதிர்ப்பு சக்தி வந்தது தனக்கில்லை, கட்டிக்குன்னு புரிஞ்சப்போ இன்னும் மோசமா உடைஞ்சு போயிட்டாங்க.

அதோட விட்டாங்களா சொந்தக்காரங்க? "மாத்திரையை ஒழுங்கா முழுங்கியிருக்க மாட்டா", "கல்யாண வீட்டுல கண்டதையும் தின்னா வராம என்ன செய்யும்"னு ஆளாளுக்கு ஒரு தீர்ப்பு. மாமாவே பாதி நம்பிட்டார். அத்தையும் தன் மேலயே சந்தேகப்பட ஆரம்பிச்சாச்சு. எந்த நாள் மறந்தோம், எந்த நாள் மறந்தோம்னு யோசிச்சுட்டே இருக்காங்க.

சென்னை திரும்பினதும் இதைப் பத்திப் படிக்க உட்கார்ந்தேன். கூகுள்ல ஆரம்பிச்சது, 130 வருஷம் பின்னால கொண்டு போய் விட்டுருச்சு.

*

ஜார்ஜ் தாமஸ் பீட்சன்னு ஒரு டாக்டர். ஸ்காட்லாந்துக்காரர், ஆனா 1848-ல பிறந்தது நம்ம திருகோணமலையில! டாக்டருக்குப் படிச்சதும் தொழில் பார்த்ததும் ஸ்காட்லாந்துல. இளம் வயசுல தாய்ப்பால் சுரப்பைப் பத்தி ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினவர். அப்போ அவருக்கு ஒரு தகவல் கிடைச்சிருக்கு: சில நாடுகள்ல பசு கன்னு போட்ட பிறகு அதோட சினைப்பையை எடுத்துடுவாங்களாம், எடுத்தா பால் வத்தாம ரொம்ப நாள் கறக்குமாம். சினைப்பை எங்கே இருக்கு, மடி எங்கே இருக்கு? ரெண்டுக்கும் நடுவுல நரம்புத் தொடர்பும் கிடையாது. அப்படின்னா ஒரு உறுப்பு தூரத்துல இருந்தே இன்னொண்ணை ஆட்டிவைக்குதான்னு யோசிச்சார். அன்னிக்கு இது எவ்வளவு விசித்திரமான யோசனைன்னா, ஹார்மோன்ங்கிற வார்த்தையே 1905-லதான் வந்துச்சு.

1895 ஜூன் மாசம் கிளாஸ்கோவில ஒரு 33 வயசுப் பெண்ணுக்கு அந்த யோசனையை சோதிச்சுப் பார்த்தார். ஏற்கெனவே மார்பகத்தை எடுத்தாச்சு, கட்டி நெஞ்சுச் சுவரிலேயே திரும்பப் பரவியிருக்கு, இனிமே அறுக்க வழியில்லை. பீட்சன் அந்தப் பெண்ணோட சினைப்பைகளை எடுத்துட்டார். எட்டு மாசத்துல கட்டி கரைஞ்சு காணாமப் போச்சு. 1896-ல லான்செட் இதழ்ல எழுதினார். (அதே 1895-ல பத்தமடையில குப்புசாமின்னு ஒரு பையனுக்கு ஏழு வயசு. பின்னாடி டாக்டராகி மலேயா போய், அப்புறம் ரிஷிகேஷ்ல சுவாமி சிவானந்தாவா ஆனவர். ஊர்ப்பாசத்துல ஒரு வரி, மன்னிச்சுக்கோங்க.)

பெரும்பாலான கட்டுரைகள் கதையை இந்த இடத்துல கைதட்டலோட முடிச்சுடுது. எனக்கு வேண்டியது அடுத்த வரி. சுமார் நாலு வருஷத்துல அந்தப் பெண்ணுக்கு நோய் திரும்ப வந்து இறந்து போனாங்க.

அதாவது உலகத்திலேயே ஹார்மோன் சிகிச்சை வாங்கின முதல் நோயாளிக்கே ரெசிஸ்டன்ஸ் வந்திருக்கு. அவங்க மறக்குறதுக்கு மாத்திரையும் கிடையாது, விட்டுப்போறதுக்கு பத்தியமும் கிடையாது. சினைப்பையே உடம்புல இல்லை. அப்படியும் வந்துச்சு.

1900-ல ஸ்டான்லி பாய்ட்னு ஒரு லண்டன் சர்ஜன் அதுவரைக்கும் நடந்த இந்த மாதிரி ஆபரேஷன்களை எல்லாம் தொகுத்துப் பார்த்தார். மூணு பேர்ல ஒருத்தருக்குத்தான் பலன். பலன் கிடைச்சவங்களுக்கும் அது நிலைக்கலை. ஏன் மூணுல ஒண்ணு, யார் அந்த ஒருத்தர்னு சொல்ல அறுபது, எழுபது வருஷத்துக்கு யாராலயும் முடியலை.

நடுவுல நடந்தது கொஞ்சம் கொடூரமான காலம். சினைப்பையை எடுத்தும் நோய் வந்தா, வேற எங்கிருந்தோ ஹார்மோன் வருதுன்னு அர்த்தம், அதையும் எடுன்னு கிளம்பினாங்க. 1950களின் தொடக்கத்துல சிகாகோவில சார்லஸ் ஹக்கின்ஸ் சிறுநீரகத்துக்கு மேல இருக்கிற அட்ரினல் சுரப்பி ரெண்டையும் எடுத்தார். (புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஹார்மோன் சிகிச்சை கண்டுபிடிச்சதுக்காக 1966-ல நோபல் வாங்கினவர் இவர்தான்.) ஸ்வீடன்ல இன்னும் ஒரு படி மேல போய், மூளைக்கு அடியில இருக்கிற பிட்யூட்டரியையே எடுத்தாங்க. ஒவ்வொண்ணுக்கும் சிலருக்குக் கொஞ்ச நாள் பலன் கிடைச்சுது, அப்புறம் திரும்ப வந்துச்சு. ஒரு கதவைப் பூட்டினா அடுத்த கதவு, அதைப் பூட்டினா ஜன்னல்.

நம்ம ஊரு அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட் 1954-ல திறந்தப்போ உலகத்துல நிலைமை இதுதான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கச்சி 1923-ல புற்றுநோயால செத்ததைப் பார்த்துட்டு, முப்பது வருஷம் அலைஞ்சு கட்டின ஆஸ்பத்திரி. ஆரம்பிச்சப்போ 12 படுக்கைதான். தமாக்சிஃபென்னு ஒரு பொருளே அன்னிக்கு உலகத்துல கிடையாது. ஹார்மோனைக் குறைக்கணும்னா கத்தி, இல்லேன்னா கதிர்வீச்சு, இல்லேன்னா வேற ஒரு ஹார்மோன் ஊசி.

*

மூணுல ஒருத்தர் யாருங்கிற முடிச்சை அவிழ்த்தவர் எல்வுட் ஜென்சன். இவரும் சிகாகோ. 1950களின் கடைசியில ஈஸ்ட்ரோஜனோட கதிரியக்க ஹைட்ரஜனை ஒட்டவச்சு எலிக்குக் கொடுத்து, அது உடம்புல எங்கே போகுதுன்னு பின்தொடர்ந்தார். கருப்பை மாதிரி சில இடங்கள்ல மட்டும் போய் தங்குச்சு. அங்கே அதைப் பிடிச்சு வச்சுக்கிற ஒரு புரதம் இருக்குன்னு கண்டுபிடிச்சார். அதுதான் ஈஸ்ட்ரோஜன் ரிசெப்டர். தமிழ்ல ஏற்பின்னு சொல்றாங்க.

நம்ம பாஷையில சொல்றதுன்னா லாகின் ஸ்கிரீன். ஈஸ்ட்ரோஜன் பாஸ்வேர்டு. சரியான பாஸ்வேர்டு விழுந்தா உள்ளே போய் 'பெருகு' கட்டளையை ஓட்டும். சில கட்டிகளுக்கு இந்த ஸ்கிரீன் இருக்கு, சிலதுக்கு இல்லவே இல்லை. இல்லாத கட்டிக்கு சினைப்பையை எடுத்தாலும் ஒண்ணுதான், எடுக்காட்டாலும் ஒண்ணுதான். பாதிப் புதிர் இதோட முடிஞ்சுது.

மீதிப் பாதி? 1970களின் நடுவுல கணக்கெடுத்துப் பார்த்தப்போ, ரிசெப்டர் இல்லாத கட்டிகள்ல பத்துல ஒண்ணு கூட ஹார்மோன் சிகிச்சைக்கு அடங்கலை. சரி, எதிர்பார்த்ததுதான். ஆனா ரிசெப்டர் இருக்கிற கட்டிகள்லயும் 55, 60 சதவீதம்தான் அடங்குச்சு. ஸ்கிரீன் இருக்கு, பாஸ்வேர்டை நிறுத்தியாச்சு, அப்படியும் ப்ரோக்ராம் ஓடுது. எங்க அத்தை கேட்ட கேள்வியும் இதேதான்.

*

இப்போ தமாக்சிஃபென். 1962-ல இங்கிலாந்துல ஐ.சி.ஐ. கம்பெனியோட ஆய்வுக்கூடத்துல டோரா ரிச்சர்ட்சன்ங்கிற பெண் வேதியியலாளர் செஞ்சது. எதுக்குத் தெரியுமா? கருத்தடை மாத்திரைக்கு! எலிக்கு அருமையா வேலை செஞ்சுது. பெண்களுக்குக் கொடுத்தா தலைகீழா கருமுட்டையைத் தூண்டிவிட்டுது. கருத்தடை மாத்திரைக்கு இதை விடப் பெரிய தோல்வி இருக்க முடியுமா? :-)

தூக்கிப் போட வேண்டியதை ஆர்தர் வால்போல்ங்கிறவர் விடாம பிடிச்சு வச்சிருந்தார். 1971-ல மான்செஸ்டர்ல மேரி கோல்ங்கிற டாக்டர் முத்தின மார்பகப் புற்றுநோய் இருந்த 46 பேருக்குக் கொடுத்துப் பார்த்தாங்க. 10 பேருக்கு நல்ல பலன். 1973-ல பிரிட்டன்லயும் 1977-ல அமெரிக்காவிலயும் மருந்தா வந்துருச்சு. அதுக்கப்புறம் கிரேக் ஜோர்டன்ங்கிற விஞ்ஞானி தன் வாழ்நாளையே இந்த ஒரு மூலக்கூறுக்குக் கொடுத்தார். 2024-ல காலமானார்.

(கொசுறு: இதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மருந்தை லக்னோ சி.டி.ஆர்.ஐ. ஆய்வகத்துல நம்ம ஆளுங்களே செஞ்சாங்க. அதுவும் கருத்தடைக்குத்தான், ஆனா இது ஜெயிச்சுது. 1991-ல 'சஹேலி'ன்னு கடைக்கு வந்துச்சு, பின்னாடி அரசாங்கம் 'சாயா'ங்கிற பேர்ல இலவசமா கொடுக்க ஆரம்பிச்சுது.)

தமாக்சிஃபென் என்ன பண்ணுதுன்னா, லாகின் ஸ்கிரீன்ல பாஸ்வேர்டு அடிக்கிற இடத்துல போய் தானே உட்கார்ந்துக்குது. ஈஸ்ட்ரோஜன் உள்ளே வர முடியாது. ரிசெப்டர் புரதத்துக்குக் கடைசியில ஒரு மூடி இருக்கு. ஈஸ்ட்ரோஜன் உட்கார்ந்தா மூடி கச்சிதமா மூடும், மூடினாதான் அது வேலையை ஆரம்பிக்கும். தமாக்சிஃபெனுக்கு ஒரு நீளமான வால் இருக்கு, அது மூடியை மூட விடாம இடிக்கும். டிபன் பாக்ஸ்ல ஸ்பூன் மாட்டிக்கிட்ட மாதிரி. 1990களின் கடைசியில எக்ஸ்ரே படிகவியல்ல இதைப் படமாவே பார்த்துட்டாங்க.

அப்புறம் ஏன் தோக்குது? இதைத் தேட ஒரு கருவி வேணும். அந்தக் கருவி ஒரு கன்னியாஸ்திரி கொடுத்தது. மிச்சிகன்ல சிஸ்டர் கேத்தரின் ஃபிரான்சஸ்ங்கிறவங்க 1970-ல மார்பகப் புற்றுநோய்ல இறந்தாங்க. அவங்க நுரையீரலைச் சுத்திச் சேர்ந்த நீர்ல இருந்து எடுத்த செல்களை டெட்ராய்ட் ஆய்வகம் ஒண்ணுல வளர்க்கப் பார்த்தாங்க. ஏழாவது முயற்சியில பிழைச்சுது. பேர் எம்.சி.எஃப்-7. மிச்சிகன் கேன்சர் ஃபவுண்டேஷன், ஏழாவது. அவ்வளவுதான் பேர்க்காரணம். இன்னிக்கும் உலகம் பூரா ஆய்வகங்கள்ல அந்தச் செல்கள் பெருகிக்கிட்டே இருக்கு. ஹார்மோன் சிகிச்சை பத்தி நமக்குத் தெரிஞ்சதுல பெரும்பகுதி அந்த அம்மா உடம்புல இருந்து வந்தது.

1988-ல ஜோர்டனும் அவர் மாணவர் மார்கோ கோட்டார்டிஸும் இந்தச் செல்களை எலிகள்ல கட்டியா வளரவிட்டு, மாசக்கணக்குல தமாக்சிஃபென் கொடுத்தாங்க. முதல்ல கட்டி அடங்குச்சு. அப்புறம் மருந்து போயிட்டிருக்கும்போதே வளர ஆரம்பிச்சுது. அதை எடுத்துப் புது எலிகள்ல நட்டாங்க. சில எலிகளுக்குத் தமாக்சிஃபென் கொடுத்தாங்க, சிலதுக்குக் கொடுக்கலை. கொடுக்காத எலிகள்ல கட்டி வளரவே இல்லை. கொடுத்த எலிகள்ல வளர்ந்துச்சு!

இதைப் படிச்சுட்டு நாற்காலியை விட்டு எழுந்து ஒரு நடை நடந்துட்டு வந்தேன். மருந்து வேலை செய்யாம போனதுன்னா புரியுது. இங்கே மருந்தே தீனியா மாறிடுச்சு. பூட்டுக்குள்ள உடைஞ்ச சாவியைத் திணிச்சு வச்சா, பூட்டு அந்த உடைஞ்ச சாவிக்கே திறக்கப் பழகிக்கிச்சு. இது எலியோட நிக்கலை. தமாக்சிஃபென்ல இருக்கும்போது நோய் முத்தின சில பெண்களுக்கு அதை நிறுத்தினதும் கட்டி சுருங்கினதை டாக்டர்களும் பார்த்திருக்காங்க. இன்னும் விசித்திரம்: 2009-ல வந்த ஒரு ஆய்வுல, லெட்ரோசோல் வகை மருந்துக்கு மசியாத கட்டிகளுக்கு ஈஸ்ட்ரோஜனையே கொடுத்துப் பார்த்தாங்க. நாலுல ஒருத்தருக்கு மேல நோய் கொஞ்ச காலம் அடங்கி இருந்துச்சு. ரொம்ப நாள் பட்டினி கிடந்தவனுக்கு விருந்து வச்சா வயிறு தாங்காதில்லையா, அந்த மாதிரி.

வேற வழிகளும் இருக்கு. ஹெர்-2 மாதிரி பக்கத்து வாசல் வழியா 'பெருகு' கட்டளை வர்றது ஒண்ணு. ரிசெப்டரையே கழட்டி எறிஞ்சுடறது இன்னொண்ணு, கொஞ்சம் பேருக்குத்தான் அது நடக்குது. இதை எல்லாம் விரிவா எழுதினா பதிவு புத்தகமாயிடும். எனக்கு அத்தையோட மாத்திரைதான் முக்கியம், அங்கே போறேன்.

*

மாதவிடாய் நின்ன பிறகு சினைப்பை ஓய்வெடுத்துடும். ஆனா அட்ரினல்ல இருந்து வர்ற வேற ஹார்மோனை, உடம்புக் கொழுப்புல இருக்கிற அரோமடேஸ்ங்கிற நொதி ஈஸ்ட்ரோஜனா மாத்திடும். ஹக்கின்ஸ் அட்ரினலை எடுத்தப்போ சிலருக்குப் பலன் கிடைச்சது இதனாலதான். ஏஞ்சலா பிராடிங்கிற விஞ்ஞானி 1970கள்ல, சுரப்பியை எடுக்க வேண்டாம், அந்த நொதியை மட்டும் முடக்கினா போதும்னு கிளம்பினாங்க. அந்த வழியில வந்ததுதான் லெட்ரோசோல். அமெரிக்காவில 1997-ல அனுமதி கிடைச்சுது. தமாக்சிஃபென் பாஸ்வேர்டு கட்டத்துல போய் உட்கார்ந்துக்கிற மருந்து. லெட்ரோசோல் பாஸ்வேர்டே தயாராகாம பண்ற மருந்து.

பாஸ்வேர்டே இல்லாம யார் உள்ளே போக முடியும்? ப்ரோக்ராமர்களுக்கு இந்நேரம் பதில் தெரிஞ்சிருக்கும். சோதிக்கிற வரியையே மாத்தி, இஃப் கண்டிஷன்ல 'ட்ரூ'ன்னு ஹார்ட்கோட் பண்ணிட்டா போதும். என்ன அடிச்சாலும், எதுவுமே அடிக்காட்டாலும் லாகின் ஆயிடும்.

கட்டி செய்யறது அச்சு அசல் அதேதான். ரிசெப்டர் புரதம் 595 அமினோ அமிலம் கோத்த மாலை. அதுல 537வது இடத்துலயோ 538வது இடத்துலயோ ஒண்ணே ஒண்ணு மாறினா, நான் சொன்னேனே அந்த மூடி, ஈஸ்ட்ரோஜன் வராமலேயே தானா மூடிக்கும். பத்தமடைப் பாயில 595 கோரைக்கு நடுவுல ஒரே ஒரு கோரை வேற. பார்த்தா கண்டுபிடிக்க முடியாது, ஆனா பாயோட குணமே மாறிப்போச்சு.

இந்தக் கண்டுபிடிப்போட வரலாறுதான் என்னை ரொம்பப் படுத்துச்சு. 537வது இடத்தை மாத்தினா ரிசெப்டர் தானா ஓடும்னு ஆய்வுக்கூடத்துல 1996-லயே காட்டியாச்சு. 1997-ல டெக்சஸ்ல சூசன் ஃபுக்குவாவோட குழு ஒரு நோயாளியோட பரவின கட்டியில நிஜமாவே அந்த மாற்றத்தைப் பார்த்து எழுதிட்டாங்க. அப்புறம் பதினாறு வருஷம் கிட்டத்தட்ட மௌனம். ஏன்? மத்தவங்க தேடினப்போ கிடைக்கலை. 2012-ல அமெரிக்காவோட பெரிய மரபணுத் திட்டம் 500க்கும் மேற்பட்ட மார்பகக் கட்டிகளைப் படிச்சப்போ கூட அநேகமா எதுலயும் இல்லை.

கிடைக்காததுக்குக் காரணம் தேடின இடம். எல்லாரும் பார்த்தது முதல் ஆபரேஷன்ல எடுத்த கட்டியை, அதாவது மருந்தே பார்க்காத கட்டியை. நாலு வருஷம் மருந்து சாப்பிட்டு, எலும்புலயோ ஈரல்லயோ திரும்ப முளைச்ச கட்டியில இருந்து மறுபடியும் சதை எடுத்துப் பார்க்கிற வழக்கம் பெருசா இல்லை. எலும்புல ஊசி குத்தி எடுக்கிறது வலி, எடுத்தாலும் சிகிச்சை மாறப் போறதில்லைன்னு நினைச்சாங்க. நம்ம தொழில்ல சொன்னா, ப்ரொடக்‌ஷன்ல வெடிச்ச பக்கை நாலு வருஷத்துக்கு முந்தின பேக்கப்புல தேடிட்டு "கோடு சுத்தமா இருக்கே"ன்னு டிக்கெட்டை மூடின கதை. (நானும் மூடியிருக்கேன். வேணாம் விடுங்க.)

2013 கடைசியில நேச்சர் ஜெனெடிக்ஸ் இதழ்ல ரெண்டு குழு ஒரே நேரத்துல எழுதினாங்க. நியூயார்க்ல சரத் சந்தர்லபாட்டியோட குழு, மிச்சிகன்ல அருள் சின்னையனோட குழு. ரெண்டு பேரையும் படிச்சதும் காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன், அது வேற விஷயம். மிச்சிகன்ல ஹார்மோன் சிகிச்சைக்கு மசியாம பரவின 11 பேரோட கட்டியைப் படிச்சாங்க. 6 பேர்கிட்ட ரிசெப்டர்ல இந்த வகை மாற்றம் இருந்துச்சு. அதுல சிலரோட பழைய கட்டியையும் எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தா, அதுல இல்லை. மருந்து சாப்பிட்ட வருஷங்கள்ல வந்தது அது. இன்னிக்குத் தெரிஞ்ச வரைக்கும் முதல் கட்டிகள்ல நூத்துக்கு ஒண்ணு கூட தேறாது. அரோமடேஸ் தடுப்பு மருந்து சாப்பிட்ட பிறகு பரவின கட்டிகள்ல 20 முதல் 40 சதவீதம்.

எங்கே தப்பு நடந்தது? யாரும் தப்பு பண்ணலை. ஒரு சென்டிமீட்டர் கட்டியிலேயே கோடிக்கணக்கான செல்கள். ஒவ்வொரு தடவை பிரியும்போதும் மரபணுவை நகல் எடுக்கணும். நகல்ல எழுத்துப்பிழை வரத்தான் செய்யும். ஸ்கேன்ல சிக்காத அளவுக்கு எங்கேயோ ஒளிஞ்சிருந்த கொஞ்சம் செல்கள்ல ஏதோ ஒண்ணுக்கு 537வது இடத்துல பிழை. ஈஸ்ட்ரோஜன் தாராளமா ஓடுற உடம்புல அந்தப் பிழையால பெருசா லாபம் இல்லை. ஈஸ்ட்ரோஜனே இல்லாத உடம்புல? மத்த செல்கள் எல்லாம் பட்டினி, இது மட்டும் ராஜா. ஆத்துல தண்ணி வத்தினப்போ பயிரெல்லாம் கருகி வேலிக்கருவை மட்டும் நிக்குமே, அதை யாரும் நட வேண்டாம்.

இங்கே ஒரு கசப்பு இருக்கு. அதை அத்தைகிட்ட எப்படிச் சொல்றதுன்னு நான் ரெண்டு வாரம் தயங்கினேன். இந்தப் பிழை முன்னுக்கு வரணும்னா ஈஸ்ட்ரோஜன் நிஜமாவே வத்தியிருக்கணும். அதாவது மாத்திரையை அடிக்கடி விடுறவங்களை விட, ஒரு நாள் கூட விடாம சாப்பிட்டவங்க உடம்புலதான் இந்தப் பிழைக்கு லாபம் அதிகம். திரும்ப வந்த உடனே "ஒழுங்கா சாப்பிட்டிருக்க மாட்டா"ன்னு முடிவு கட்டினவங்களுக்கு அறிவியல்ல ஆதாரமே கிடையாது.

அதுக்காக யாரும் மாத்திரையை விட்டுடாதீங்க, தயவுசெஞ்சு! பெரிய கூட்டுக் கணக்கு சொல்றது இது: ரிசெப்டர் இருக்கிற நோயாளிகள் அஞ்சு வருஷம் தமாக்சிஃபென் சாப்பிட்டா, முதல் 15 வருஷத்துல மார்பகப் புற்றுநோயால ஏற்படுற சாவு சுமார் மூணுல ஒரு பங்கு குறையுது. லெட்ரோசோல் வகை மாதவிடாய் நின்னவங்களுக்கு அதை விடவும் கொஞ்சம் மேல். மூட்டு வலி, உடம்பு எரிச்சல்னு பாதியில நிறுத்துறவங்க நிறைய, அவங்களுக்கு ஆபத்து கூடுறதும் உண்மை. அத்தை அந்தக் கணக்குல இல்லை, அவ்வளவுதான்.

*

பிழை தெரிஞ்ச பிறகு என்ன ஆச்சுன்னு சுருக்கமா சொல்லிடறேன். ரிசெப்டரை அடைக்கிறதுக்குப் பதிலா அதையே சிதைச்சுடுற ஃபுல்வெஸ்ட்ரன்ட் ஊசி 2002-லயே இருந்துச்சு. 'பெருகு' கட்டளைக்கு அடுத்த படியில போய் செல் பிரியறதைத் தடுக்கிற பால்போசிக்ளிப் 2015-ல வந்துச்சு. வந்தப்போ நம்ம ஊர் சம்பளத்துக்கு நினைச்சுப் பார்க்க முடியாத விலை. 2023 ஜனவரியில இந்தியாவில காப்புரிமை முடிஞ்சதும் உள்ளூர் கம்பெனிகள் இறங்கி விலை மளமளன்னு சரிஞ்சுது. அத்தைக்கு இப்போ போயிட்டிருக்கிறது இந்த ரெண்டும்தான். அதே 2023 ஜனவரியில, 537, 538 வகைப் பிழை உள்ளவங்களுக்குன்னே எலாசெஸ்ட்ரன்ட்னு ஒரு மாத்திரைக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்துச்சு.

எலும்புல ஊசி குத்த வேண்டிய அவசியமும் குறைஞ்சுட்டு வருது. கட்டி உதிர்க்கிற மரபணுத் துணுக்குகள் ரத்தத்துல மிதக்கும், கையில ரத்தம் எடுத்தே பிழையைப் பிடிச்சுடலாம். 2025-ல வெளியான செரீனா-6 ஆய்வுல, ஸ்கேன்ல எதுவும் தெரியறதுக்கு முன்னாடியே ரத்தத்துல பிழை தெரிஞ்ச உடனே மருந்தை மாத்தினாங்க. மாத்தாதவங்களுக்கு நோய் 9.2 மாசம் அடங்கியிருந்தது, மாத்தினவங்களுக்கு 16 மாசம். ஆயுள் கூடுதான்னு கேட்டா, அதுக்கு இன்னும் வருஷக்கணக்குல பின்தொடரணும். எனக்கு இது பெருசாப் படுது. சர்வர் விழுந்த பிறகு ஓடாம லாகைப் பார்த்து முன்னாடியே சரி பண்றது.

பீட்சனும் காலாவதி ஆகலை. வியட்நாம்லயும் சீனாவிலயும் 1993-ல இருந்து 1999 வரைக்கும் எழுநூத்துச் சொச்சம் இளவயசுப் பெண்களைச் சேர்த்து ஒரு ஆய்வு பண்ணாங்க. ஒரு பிரிவுக்கு சினைப்பையை எடுத்துட்டுத் தமாக்சிஃபென் கொடுத்தாங்க. நோய் திரும்புறதும் சாவும் குறைஞ்சது 2002-ல தெரிஞ்சுது. விலை உயர்ந்த ஊசிக்கு வழியில்லாத இடங்கள்ல இன்னிக்கும் திருகோணமலையில பிறந்த அந்த மனுஷனோட ஆபரேஷன்தான் கை கொடுக்குது. மேல்நாட்டை விட நம்ம நாட்டுல இளவயசுலயே இந்த நோய் வர்றவங்க விகிதம் அதிகம்ங்கிறதால இது நமக்கு இன்னும் பொருந்தும்.

*

போன மாசம் மறுபடியும் பத்தமடை போனேன். கையில ஒரு நோட்டு, அதுல பூட்டு சாவி எல்லாம் படம் போட்டு வச்சிருந்தேன். லாகின் ஸ்கிரீன் கதையெல்லாம் அத்தைகிட்ட எடுபடாது. வேலிக்கருவை எடுபட்டுச்சு. கிளாஸ்கோ பெண்ணோட கதையைத்தான் ரெண்டு தடவை சொல்லச் சொன்னாங்க. "அவளுக்குப் பிள்ளைய உண்டுமாய்யா?"ன்னு கேட்டாங்க. அத்தைக்குத் தோணுற கேள்வி அது.

அப்புறம் கொஞ்ச நேரம் பேசலை. "அப்போ நான் முழுங்கின மாத்திரையெல்லாம் வீணா?"

"இல்லத்தே. அந்த நாலு வருஷம் அதைப் பிடிச்சு வச்சிருந்ததே அந்த மாத்திரைதான்."

"நான் ஒண்ணும் பண்ணலல்லா?"

"நீங்க ஒண்ணும் பண்ணலத்தே."

நோட்டை வாங்கிப் படத்தையெல்லாம் ஒரு தடவை புரட்டிப் பார்த்துட்டுத் திருப்பிக் கொடுத்தாங்க. உள்ளே மாமா டிவி பார்த்துட்டு இருந்தார்.

"இந்தா, இதை இப்படியே உங்க மாமாட்ட ஒரு தடவை சொல்லிரு. நான் சொன்னா நம்ப மாட்டாவ."